பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரருக்கு மாத உதவித்தொகை வாங்குவது எப்படி

குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போன ஆள் ஒருவராவது இல்லாத ஊர் குறைவு. அவர்களில் 15 வருஷம் முடித்து பென்ஷனோடு வந்தவர்களுக்குக் கேன்டீன் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, மாதம் பிறந்தால் வங்கியில் பணம் உண்டு. 7 வருஷத்திலும் 9 வருஷத்திலும் திரும்பி வந்தவர்கள் பாடு வேறு. 1965-லும் 1971-லும் எல்லையில் நின்றுவிட்டு, அப்பா இறந்தார், தங்கை கல்யாணம், வயலைப் பார்க்க ஆளில்லை என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வந்து, பிறகு ரப்பர் வெட்டியும் செங்கல் சூளையில் கணக்கு எழுதியும் காலம் கழித்தவர்கள். இன்று அவர்களுக்கு 75 வயதுக்கு மேல் ஆகிறது. கேட்டால், "எனக்கு ஒண்ணும் கிடையாது மக்ளே, நான் பென்ஷன் இல்லாம வந்தவன்" என்று முடித்துக்கொள்வார்கள்.

கிடைக்கும். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கென்றே ஓர் உதவித்தொகை இருக்கிறது. முன்னாள் படைவீரர் நலனுக்காக டெல்லியில் உள்ள மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு, கொடிநாள் நிதியிலிருந்து தருவது. அலுவலகத்தில் இதற்குப் பெயர் பெனுரி கிராண்ட். 65 வயதுக்கு மேற்பட்ட, பென்ஷன் பெறாத, வேறு நிரந்தர வருமானம் இல்லாத முன்னாள் படைவீரருக்கோ அவருடைய விதவை மனைவிக்கோ கிடைக்கும். ஹவில்தார் வரையிலான ரேங்கில் இருந்தவராக இருக்க வேண்டும். கப்பற்படையில் பெட்டி ஆபீசர், விமானப்படையில் சார்ஜென்ட் வரை. மாதம் 4,000 ரூபாயாக இருந்த தொகையை, 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். ஆயுள் முழுவதும் உண்டு.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. "நான் முடித்துத் தருகிறேன், முதல் தொகையில் பாதி எனக்கு" என்று யாராவது வந்தால் வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் செய்யப்போகும் எல்லாவற்றையும் ஒரு பேரனோ பேத்தியோ நான்கைந்து நாள் ஒதுக்கிச் செய்துவிடலாம். சிரமம் விண்ணப்பப் படிவத்தில் இல்லை. 50 வருஷத்துக்கு முன்பு வடக்கே ஒரு கிளார்க் எழுதிய பெயரையும், இன்று ஆதாரில் இருக்கும் பெயரையும் ஒரே ஆளுடையது என்று காட்டுவதில்தான் இருக்கிறது.

முதலில் டிஸ்சார்ஜ் புக்

எல்லாம் தொடங்குவது டிஸ்சார்ஜ் புக்கில், அதாவது படையிலிருந்து விடுவிக்கும்போது கையில் கொடுத்த பணிப் பதிவுப் புத்தகத்தில். வேறு எந்தக் காகிதத்தையும் அதற்கு முன் தேட வேண்டாம். பெரும்பாலும் மச்சில் கிடக்கும் கறுப்பு டிரங்குப் பெட்டியிலோ, நிலப் பத்திரங்களோடு சேர்த்துக் கட்டிய துணி மூட்டையிலோ இருக்கும். நம் ஊரில் இரண்டு மழைக்காலம். பக்கங்கள் ஒட்டியிருக்கும், இராமபாணப் பூச்சி அரித்திருக்கும். ஒட்டிய பக்கத்தைப் பிய்க்காதீர்கள். இரண்டு நாள் நிழலில் காற்றாட விரித்து வைத்தால் பெரும்பாலும் தானாக விலகும். கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள்; சில வருஷத்தில் டேப் மஞ்சளாகி அடியில் உள்ள மையையும் கொண்டுபோய்விடும். லேமினேஷன் கூடவே கூடாது. முத்திரையை அலுவலகத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள், விரலால் தடவிப் பார்ப்பார்கள்; லேமினேட் செய்த காகிதத்தில் அது முடியாது.

புத்தகத்தில் ஐந்து விஷயங்களைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆர்மி நம்பர், கடைசியில் ஆங்கில எழுத்து ஏதும் இருந்தால் அதோடு. ரேங்க், பெயர், அப்பா பெயர், அவர்கள் எழுதிய எழுத்துக்கூட்டல் மாறாமல். சேர்ந்த தேதியும் டிஸ்சார்ஜ் ஆன தேதியும். டிஸ்சார்ஜுக்கான காரணம். நடத்தை மதிப்பீடு. இவற்றில் கடைசி இரண்டையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் அவற்றில்தான். ஒழுங்கு நடவடிக்கையில் டிஸ்மிஸ் ஆனவர் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். பயிற்சிக் காலத்திலேயே திரும்பி வந்தவரும் வரமாட்டார். மற்றவர்களுக்கு, எந்த வருஷம் வெளியே வந்தார் என்பதைப் பொறுத்து வரையறை மாறுகிறது. பழைய காலத்தில் வந்தவர்களுக்கு நிபந்தனைகள் இளக்கம், 1987 ஜூலைக்குப் பிறகு சொந்த விருப்பத்தில் வந்தவர்களுக்கு இறுக்கம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக உங்கள் பாட்டாவுக்கும் கிடைக்காது என்று முடிவு கட்டாதீர்கள். அவர் 1989-இல் வந்திருப்பார், இவர் 1974-இல் வந்திருப்பார்.

கிராண்ட் கேட்கும் முன், பென்ஷனே வர வேண்டியவரா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். படைப் பென்ஷனுக்கு இன்று குறைந்தபட்சமே 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. அதோடு மருத்துவ வசதிக்கும் வழி திறக்கும். பென்ஷனுக்கு உரிமை உள்ளவர் 8,000 ரூபாய் கிராண்டோடு திருப்தியடைந்துவிட்டால் அது அவருக்கு நஷ்டம்.

மூன்று வகையினர் நின்று யோசிக்க வேண்டும்.

ரிசர்வில் இருந்தவர்கள் முதல் வகை. அந்தக் காலத்தில் 7 வருஷம் கலர் சர்வீஸ் (படையில் நேரடிப் பணி), 8 வருஷம் ரிசர்வ் என்பது போன்ற ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பெயர் ரிசர்வ் பட்டியலில் இருக்கும். கூப்பிட்டால் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து 15 வருஷம் ஆகியிருந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷனுக்கு வழி உண்டு. புத்தகத்தில் ரிசர்வுக்கு மாற்றிய தேதி ஒன்றும், ரிசர்விலிருந்து விடுவித்த தேதி இன்னொன்றும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே ஒரு தேதி இருந்து, காரணம் சொந்த விருப்பம் என்று இருந்தால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. ரிசர்வ் பென்ஷனுக்குப் பதிலாக மொத்தத் தொகை வாங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஆவணத்தில் இருக்கும்.

14 வருஷம் முடித்து, 15 எட்டாமல் வந்தவர்கள் இரண்டாவது வகை. குறைவு 12 மாதத்துக்குள் இருந்தால் அதை மன்னித்து பென்ஷன் தர விதி இடம் கொடுக்கிறது. சொந்த விருப்பத்தில் வந்தவர்களுக்கு ரெக்கார்டு ஆபீஸ் (படைப்பிரிவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) மறுக்கும். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் அதன் கிளை உண்டு.

மூன்றாவது, மெடிக்கல் போர்டு வைத்து அனுப்பப்பட்டவர்கள். குறைபாடு படைப்பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்று ஏற்கப்பட்டால் ஊனமுற்றோர் பென்ஷனுக்கு 15 வருஷக் கணக்கு வேண்டாம். காரணம் எழுதிய இடத்தில் மருத்துவ வகை பற்றிய சொற்கள் இருந்தால் கிராண்டை நிறுத்தி வைத்துவிட்டு முதலில் இதைக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய இடம் அவரவர் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு (எம்.ஈ.ஜி.) பெங்களூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியாளர் பிரிவுக்கு (ஈ.எம்.ஈ.) செகந்திராபாத், ராணுவ மருத்துவப் பிரிவுக்கு (ஏ.எம்.சி.) லக்னோ. பதிவுத் தபாலில் ஒரு கடிதம்; நம்பர், ரேங்க், பெயர், தேதிகள், கேள்வி. இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். அதற்கு 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பென்ஷன் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தாலும் அந்தக் கடிதம் வீண் அல்ல; அவர் பென்ஷன் பெறாதவர் என்பதற்கு அதுவே சான்று.

புத்தகம் தொலைந்திருந்தால்

சுனாமியில் கடலோர ஊர்களில் வீட்டோடு போன காகிதங்கள் பல. ஓட்டுக்கூரை ஒழுகி மக்கிப்போனவை அதைவிட அதிகம். தொலைந்தது என்றால் நம்பரைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. நம்பர் கிடைத்தால் ஆள் கிடைத்த மாதிரி.

டிரங்குப் பெட்டியைத் துடைத்துப் பாருங்கள். மூடியிலோ முன்பக்கத்திலோ வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதும் வழக்கம் உண்டு. பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் சாய்வாக டார்ச் அடித்தால் எழுத்தின் தடம் தெரியும். அடுத்தது மெடல்கள். 1965-இன் ரக்ஷா மெடல், சமர் சேவா ஸ்டார், 1971-இன் பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் என்று எதுவாக இருந்தாலும், முகத்தைப் பார்க்காமல் ஓரத்தைப் பாருங்கள்: வட்டமான மெடலின் விளிம்பில், நகத்தின் அகலம்கூட இல்லாத இடத்தில், நம்பரும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். ஸ்டார் வடிவில் உள்ளதற்குப் பின்பக்கம். புளி போட்டுத் தேய்த்து அழித்துவிடாதீர்கள்; ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் முகப்பவுடர் தடவினால் பள்ளத்தில் வெள்ளை நின்று எழுத்து படிக்க வரும். மூன்றாவது, பழைய கடிதங்கள். 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய முகவரி போட்ட இன்லேண்ட் லெட்டரிலும் மணியார்டர் துண்டிலும் நம்பர் இல்லாமல் இருக்காது.

நம்பர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பென்ஷன் பெறாதவர்களின் பணி ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிட விதி உண்டு. 1974-இல் வந்தவருடைய ஷீட் ரோல் (அவருக்கான தனிப் பணி ஆவணம்) இன்று ரெக்கார்டு ஆபீஸில் இருக்காது. "ஆவணங்கள் அழிக்கப்பட்டன" என்று பதில் வந்ததும் மனம் உடைந்து விட்டுவிட வேண்டாம். லாங் ரோல் என்ற பெரிய பதிவேடு ஒன்று நிரந்தரமாக வைக்கப்படுகிறது. அதில் ஆளுக்கு ஒரு வரி: நம்பர், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம். அந்த ஒரு வரி போதும். ஆகவே கடிதத்தில் "என் சர்வீஸ் ரெக்கார்டு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், "லாங் ரோலில் உள்ள விவரத்தின் அடிப்படையில், டிஸ்சார்ஜ் புக்குக்குப் பதிலான சான்று வேண்டும்" என்றே எழுதுங்கள்.

அதற்கு முன் போலீசின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததாகப் பதிவு செய்து அதன் நகல், நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், ஆதார் நகல், இரண்டு போட்டோ ஆகியவற்றை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்புங்கள். நேராக அனுப்புவதைவிட அலுவலக முகப்புக் கடிதத்தோடு போவதற்குப் பதில் சீக்கிரம் வரும்.

பெயர், பிறந்த தேதி, ஊர்

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல்கள் இங்கேதான் வரிசையாக வரும்.

டிஸ்சார்ஜ் புக்கில் செல்லையா; ஆதாரில் செல்லையன்; ரேஷன் கார்டில் ஞானஸ்நானப் பெயரோடு சேர்ந்த செல்லையன்; வங்கியில் வீட்டுப் பெயரின் முதலெழுத்தும் அப்பாவின் முதலெழுத்துமாக இரண்டு இனிஷியல். நான்கும் ஒரே ஆள்தான் என்பது ஊருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மாற்ற வேண்டியது எது என்று குழம்ப வேண்டாம். டிஸ்சார்ஜ் புக்கைத் தொடாதீர்கள். அதில் பெயர் மாற்ற ரெக்கார்டு ஆபீஸ் வரை போக வேண்டும், பத்திரிகை விளம்பரம் கேட்பார்கள், ஒரு வருஷம் போய்விடும். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி திருத்துவது சுலபம். வித்தியாசம் ஓரெழுத்து, இனிஷியல் அளவில்தான் என்றால், "இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்ற நோட்டரி பிரமாணப் பத்திரமும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் போதுமா என்று முதலில் நல அலுவலகத்தில் கேளுங்கள். பல நேரம் அதுவே போதும்.

பிறந்த தேதி அடுத்தது. பட்டாளத்தில் சேர்க்கும்போது கிளார்க் ஒரு தேதி எழுதினார். ஆதார் எடுக்க வந்தவர், வயதை மட்டும் கேட்டு ஜனவரி 1 என்று போட்டார். இரண்டும் 65-ஐத் தாண்டியிருந்தாலும், தேதி பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பம் திரும்பி வரும். ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். அந்த ஒரு வாய்ப்பை அவசரப்பட்டு வீணாக்கக் கூடாது. மாற்றினால் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள தேதிக்கே மாற்ற வேண்டும், "உண்மையான" தேதிக்கு அல்ல. பெரியவர்கள் இதில் பிடிவாதம் பிடிப்பார்கள்: நான் பிறந்தது சித்திரை, அவன் தப்பா எழுதினான் என்று. அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அவருடைய படைச் சேவைக்கு உள்ள ஒரே சாட்சி அந்தப் புத்தகம்தான். மற்றக் காகிதங்கள் அதை ஒட்டித்தான் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

பள்ளிப் பதிவேட்டையோ கோவில், சர்ச் பதிவேட்டையோ ஆதாரமாக எடுக்க வேண்டி வந்தால், பழைய பதிவுகள் கொல்லம் ஆண்டில் இருக்கும். இங்கே புத்தாண்டு ஆவணி 1. மலையாளப் பதிவில் அது சிங்ஙம். ஆவணி முதல் மார்கழி பாதி வரை பிறந்தவருக்குக் கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும். மார்கழி பாதிக்குப் பிறகு ஆடி முடிய 825. கொல்லம் 1122 கார்த்திகை என்றால் 1946-இன் நவம்பர், டிசம்பர். அதே 1122-இன் சித்திரை, மலையாளத்தில் மேடம், என்றால் 1947-இன் ஏப்ரல், மே. எல்லா மாதத்துக்கும் 825 கூட்டிவிடுவது ஆட்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஒரு வருஷம் தள்ளிப்போகும். பதிவு மலையாளத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பும் அதில் நோட்டரி ஒப்பமும் சேர்த்து வையுங்கள்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். 1956 நவம்பர் 1-க்கு முன் சேர்ந்தவரின் புத்தகத்தில் திருவனந்தபுரம் மாவட்டம், திருவிதாங்கூர்-கொச்சி என்று இருக்கும். பின்னால் சேர்ந்தவர்களிலும் விளவங்கோடு என்று எழுதியவர் இன்று கிள்ளியூர் தாலுகாவில் இருப்பார், கல்குளம் என்று எழுதியவர் திருவட்டாறில் இருப்பார், தாலுகா பிரிந்ததால். அவர் வீடு மாறவே இல்லை, தாலுகாதான் மாறியது. கிராம நிர்வாக அலுவலரிடம் இதை ஒரு வரியில் சான்றாக வாங்கி வைத்துக்கொண்டால் டெல்லியில் இருப்பவருக்குக் குழப்பம் வராது.

வங்கிக் கணக்கு

பழைய எஸ்.பி.டி. பாஸ்புக்கை ஸ்கேன் செய்து போடுவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பாங்கோடு சேர்ந்துவிட்டது, பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணில் பணம் வராது. சிண்டிகேட், கார்ப்பரேஷன் போன்ற இணைந்துபோன வங்கிகளுக்கும் இதே கதிதான். கிளைக்குப் போய்ப் புதிய பாஸ்புக் வாங்குங்கள். இரண்டு வருஷம் பணம் போடாமல் எடுக்காமல் கிடந்த கணக்கு செயலற்றதாகியிருக்கும், கே.ஒய்.சி. கொடுத்து எழுப்பி, ஒரு 100 ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். கணக்கு பெரியவரின் பெயரிலேயே இருக்கட்டும், மகனோடு கூட்டுக் கணக்கு வேண்டாம்.

ரப்பர் வெட்டியவர்கள், பனை ஏறியவர்கள், வலை இழுத்தவர்கள் கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ஆதார் மெஷினில் விரல் பதியவில்லை என்று திருப்பி அனுப்பினால் கண் கருவிழிப் பதிவு கேளுங்கள். கண்புரை ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருந்தால், அது ஆறிய பிறகு போங்கள்.

நாகர்கோவில் அலுவலகத்தில் பதிவு

ஆன்லைனில் விண்ணப்பிக்கும் முன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதிந்து அடையாள அட்டை வாங்கியிருக்க வேண்டும். அட்டை இல்லாமல் விண்ணப்பம் நகராது. திரும்பி வந்த புதிதில் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்து, அங்கே சைனிக் அலுவலகத்தில் பதிந்தவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்கள் அங்கிருந்து பதிவை மாற்றிக்கொண்டு வர வேண்டும். அங்கே ஒரு பதிவு, இங்கே ஒரு பதிவு என்று இருக்க முடியாது.

முதல் முறை பெரியவரை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். மூலப் புத்தகம், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், ஆறு பாஸ்போர்ட் அளவு போட்டோ, எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல். டிஸ்சார்ஜ் புக்கின் நகல் என்றால் அட்டை முதல் அட்டை வரை எல்லாப் பக்கமும், வெற்றுப் பக்கம் உட்பட. "எழுத்து இருக்கிற பக்கம் மட்டும் எடுத்தேன்" என்பதால் திரும்பிய விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. நடுவே பக்கம் விடுபட்டால் எதையோ மறைக்கிறார் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். எந்தத் தேவைக்காகவும் மூலப் புத்தகத்தை அலுவலகத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ விட்டுவிட்டு வராதீர்கள்.

உதவி இயக்குநரைப் பார்த்து, வேறு வருமானம் என்ன என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மாநில அரசு வேலை பார்த்து அதில் ஓய்வூதியம் பெறுகிறவர், மறுபடி டி.எஸ்.சி.யில் (பாதுகாப்புத் துறை இடங்களைக் காவல் காக்கும் படைப்பிரிவு) சேர்ந்து அங்கே பென்ஷன் பெறுகிறவர் ஆகியோருக்கு இந்தக் கிராண்ட் கிடையாது. இதே தேவைக்கு மாநில அரசிடம் தொகை எதுவும் பெறவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஆதார் எண் எல்லாவற்றையும் இணைத்திருப்பதால், மறைத்தது பின்னால் தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். 80 வயதில் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

ஆன்லைன் விண்ணப்பம்

கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் முதலில் பயனராகப் பதிய வேண்டும். ஆர்மி நம்பர், ரேங்க், படைப்பிரிவு, தேதிகள் எல்லாம் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி. மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் கேட்கும். வளைகுடாவுக்கு விசா காத்திருக்கும் பேரனின் எண்ணைக் கொடுக்காதீர்கள். அவன் போன பிறகு ஓ.டி.பி. துபாயில் போய் நிற்கும். வீட்டிலேயே இருக்கும் ஒருவரின் எண் போதும். கடவுச்சொல்லை டிஸ்சார்ஜ் புக்கோடு வைக்கும் தாளில் எழுதி வையுங்கள், வருஷா வருஷம் தேவைப்படும்.

பிறகு பெனுரி கிராண்டைத் தேர்ந்தெடுத்து, விவரம் நிரப்பி, ஸ்கேன்களை ஏற்ற வேண்டும். பழுப்பேறிய பக்கங்களை போனில் எடுப்பதாக இருந்தால் பிளாஷ் போடாமல், காலை வெயில் நேராக விழாத திண்ணையில், பக்கம் தட்டையாக இருக்கும்படி ஓரத்தில் கண்ணாடித் துண்டோ கனமான எதையோ வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றாதீர்கள். ஊதா முத்திரை காணாமல் போய்விடும். ஏற்றும் முன் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, நம்பர் படிக்க வருகிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் படிக்க வராதது டெல்லியிலும் படிக்க வராது.

சமர்ப்பித்ததும் டாக் ஐ.டி. என்று ஓர் எண் வரும். அதை எழுதி வைத்துக்கொண்டு, மூல ஆவணங்களோடு நாகர்கோவில் அலுவலகத்துக்கு மறுபடி போக வேண்டும். பலர் ஆன்லைனில் போட்டதோடு முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். அலுவலகத்தில் மூலத்தைச் சரிபார்த்துப் பரிந்துரைத்தால்தான் அது சென்னைக்கும், அங்கிருந்து டெல்லிக்கும் போகும். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் அதை எழுதிக் கொடுத்து, நல அமைப்பாளர் வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிலவரத்தைப் பாருங்கள். "அப்சர்வேஷன்" என்று வந்தால் நிராகரித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஏதோ ஒரு காகிதம் குறைகிறது. என்ன குறை என்று அங்கேயே எழுதியிருக்கும். அதை மட்டும் சரிசெய்து அதே விண்ணப்பத்தில் திரும்ப ஏற்ற வேண்டும். புதிதாக இன்னொரு விண்ணப்பம் போட்டால் இரண்டும் சிக்கிக்கொள்ளும்.

மனைவி விண்ணப்பிக்கும்போது

அவர் போய்விட்டார், ஆச்சி மட்டும் இருக்கிறார் என்றால் கூடுதலாக மூன்று காகிதங்கள்: இறப்புச் சான்று, விதவைக்கான அடையாள அட்டை, மறுமணம் செய்யவில்லை என்ற உறுதிமொழி. இதில் தடங்கல் வருவது, அவர் பட்டாளத்தை விட்டு வந்த பிறகு நடந்த கல்யாணங்களில். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் இருக்காது, அம்மா பெயர்தான் இருக்கும். சர்ச்சில் நடந்த கல்யாணம் என்றால் பதிவேட்டிலிருந்து திருமணச் சான்று கிடைக்கும். கத்தோலிக்க சபையானாலும் சி.எஸ்.ஐ. ஆனாலும் பழைய பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், வருஷமும் மாதமும் சொன்னால் தேடித் தருவார்கள். வீட்டுப் பந்தலில் நடந்த கல்யாணம் என்றால் தாசில்தாரின் வாரிசுச் சான்று, பழைய ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றில் உள்ள தாய் தந்தை பெயர், இவற்றோடு பிரமாணப் பத்திரம் சேர்த்துக் கொடுத்து, பதிவில் மனைவி பெயரைச் சேர்க்க நல அலுவலகம் வழியாக ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும்.

பெரியவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது மிகவும் நல்லது. அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் போதும் இப்போது. பிறகு என்றால் ஏழெட்டுக் காகிதம். மனைவிக்கு 65 ஆகவில்லை என்றால், அதுவரை மாநில அரசின் விதவை ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கணவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படையில் இருந்தவர் என்றால் மாநில அரசில் அவர்களுக்குத் தனி மாத நிதி இருக்கிறது. பெனுரி கிராண்ட் கேட்கும் முன் அதை விசாரியுங்கள்.

தொகை வரத் தொடங்கிய பிறகு

முதல் தொகை வர எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். வந்த பிறகு, வருஷத்துக்கு ஒருமுறை ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். வங்கியில் பென்ஷன்காரர்கள் கொடுக்கும் ஜீவன் பிரமாண் வேறு, இது வேறு. நல அலுவலகத்தில் ஒப்பம் வாங்கி போர்டின் தளத்தில் ஏற்ற வேண்டியது. இதை மறந்தால் பணம் சத்தமில்லாமல் நிற்கும். வீட்டில் உள்ள காலண்டரில் குறித்து வையுங்கள்.

அவர் காலமானால் உடனே அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். தொகை தானாக மனைவிக்கு மாறாது. மனைவி பெயரில் புது விண்ணப்பம் போட வேண்டும். அப்போது மறுபடியும் முதலில் கேட்கப்போவது அந்த டிஸ்சார்ஜ் புக்கைத்தான். ஆகவே இறுதிச் சடங்கு நடக்கும் நாளில் டிரங்குப் பெட்டியைக் காலி செய்து பழைய காகிதங்களை எரிக்கும் ஆட்களிடமிருந்து அதை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.